சோடா மெஷினுக்குப் பாலிஷ் போடாதீங்க

"அண்ணா, உங்க பக்கம் பழைய கோலி சோடா மெஷின் ஏதாச்சும் விலைக்கு வருமா?"

இந்த வருசம் மட்டும் இப்படி நாலு போன் வந்துருச்சு. ரெண்டு சென்னை, ஒண்ணு பெங்களூர், ஒண்ணு கோயமுத்தூர். நாலு பேருல ஒருத்தர்கூட அது ஓடுமான்னு கேக்கலை. எத்தனை வருசப் பழசு, பித்தளை எவ்வளவு இருக்கு, பெட்டி மரமா இரும்பா, போட்டோ அனுப்ப முடியுமா, இவ்வளவுதான் விசாரணை. காப்பிக்கடை வாசல்ல நிறுத்தோணுமாம்.

மாட்டுச் சந்தையில பல்லைப் பாக்காம, நாலு தப்படி நடக்க விட்டுப் பாக்காம, கொம்புல பூசுன வர்ணத்தைப் பாத்து மாடு புடிக்கறவனை எங்கூர்ல என்ன பேர் வெச்சுக் கூப்புடுவாங்கன்னு இங்க எழுத முடியாதுங்க. சோடா மெஷினும் உழைக்கற சாமான்தான். ஓடுனாத்தான் அதுக்கு மதிப்பு.

அது செய்யற வேலையைக் கொஞ்சம் சொல்றேன். கோலி பாட்டில் நம்மூர்ச் சரக்கு இல்லை. இங்கிலாந்துல ஹைரம் காட்னு ஒருத்தர் 1870-கள்ல காப்புரிமை வாங்குனது. கழுத்துக்குள்ள ஒரு கண்ணாடிக் கோலி, வாய்க்கு உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். தண்ணியை ஊத்தி, பாட்டிலை மெஷின் பெட்டிக்குள்ள மாட்டி, சிலிண்டர்ல இருந்து கேஸைத் திறந்து கைப்பிடியைச் சுத்தணும். பெட்டியோட சேந்து பாட்டிலும் தலைகீழாப் பொரளும். அந்தக் குலுக்கல்லதான் கேஸ் தண்ணிக்குள்ள எறங்குது. பாட்டில் தலைகீழா இருக்கறப்ப கோலி வாய்க்கு வந்துரும். உள்ள இருக்கற அழுத்தமே அதை ரப்பர்ல இறுக்கிப் புடிச்சுக்கும். மூடி இல்லை, தகரம் இல்லை, கரண்ட் இல்லை. தண்ணி சில்லுன்னு இருந்தா கேஸ் நல்லாக் கரையும். அதனாலதான் விவரமான சோடாக்காரர் விடிகாலையில சுத்துவார். இங்கிலாந்துக்காரனே விட்டுட்ட இந்தப் பாட்டிலை நம்மளும், ராமுனே சோடா குடிக்கற ஜப்பான்காரனும் இன்னும் வெச்சிருக்கோம்.

சரி, நெசமாவே வாங்கற எண்ணம் இருந்தா இப்படிப் பாருங்க.

கைப்பிடியைப் புடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க. லொடலொடன்னு ஆடுச்சுன்னா புஷ் தேஞ்சு போச்சு. அது பெரிய குத்தமில்லை, லேத்துப் பட்டறையில கடைஞ்சு போட்டுக்கலாம். பெட்டிக்கு மூடி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. சுத்தறப்ப பாட்டில் வெடிச்சா சில்லை வாங்கிக்கறது அந்த மூடிதான். அது இல்லாத மெஷினை "ஓப்பன் மாடல்"னு ஒருத்தர் விலை சொன்னாருங்க, சிரிக்கறதா அழுகறதா? வாய் வெக்கற எடத்துல ரப்பரும் தோலும் காஞ்சிருக்கும், அதை மாத்திக்கலாம். பித்தளைத் திருகுல மரை தேஞ்சிருந்தாலோ, மேல வெல்டிங் ஒட்டுப் போட்டிருந்தாலோ ரெண்டு தரம் யோசிங்க. கேஸை மூடி, உள்ள இருக்கற அழுத்தத்தை வெளிய விட்டதும் அழுத்தமானி முள் பூஜ்யத்துக்கு வரணும். இணைப்புல எல்லாம் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, கொப்புளம் வந்தா ஒழுகுதுன்னு அர்த்தம்.

சிலிண்டர்தான் உசுரு போற சங்கதி. கரியமில வாயு அதுக்குள்ள திரவமா இருக்கும். 20 டிகிரியிலயே சுமார் 57 பார் அழுத்தம், நம்ம சித்திரை வெயில்ல இன்னும் ஏறும். கார் டயர்ல ரெண்டு சொச்சம் பார்தான்னு வெச்சுப் பாத்துக்கங்க. 5 வருசத்துக்கு ஒருக்கா நீரழுத்தச் சோதனை பண்ணி, தேதியைக் கழுத்துல குத்தியிருக்கணும். தேதி இல்லாத சிலிண்டரைச் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. அதைப் பெயின்ட் அடிச்சு ஹோட்டல் மூலையில அழகுக்கு நிறுத்தி வெக்கறாங்க. உள்ள மிச்சம் இருக்கான்னு யாருக்குத் தெரியும்?

பாலிஷ் போட்டுப் பளபளன்னு இருக்கறதைக் கண்டா ஒதுங்கிருங்க. ஓடற மெஷின்ல கை படற எடம் மட்டும்தான் மினுங்கும்.

இப்ப என் வயித்தெரிச்சலுக்கு வர்றேன். எங்க பக்கம் இன்னும் ஒரு பெரியவர் கையால சுத்தறாரு. நோம்பி வந்தா அவருக்கு மூச்சு விட நேரமில்லை, மத்த நாள்ல சுமார்தான். மூணு வருசத்துக்கு முன்னால இன்னொருத்தர் இருந்தாரு. அவரோட மெஷினை நல்ல விலை குடுத்து டவுன்காரங்க ஏத்திட்டுப் போனாங்க. வித்தவரைக் குத்தம் சொல்ல மாட்டேன், மக கலியாணம் அவருக்கு. ஆனா அந்த மெஷின் போன எடத்தை நான் நேர்ல போய்ப் பாத்தேன். கைப்பிடியைச் சுத்த முடியாதபடி ஆணி அடிச்சு, மேல ஒரு பூந்தொட்டி. பக்கத்துல கோலி சோடான்னு போர்டு. உள்ள குடுக்கறது பிளாஸ்டிக் கப்புல. ஒரே கண்ணாடிப் பாட்டிலைக் கழுவிக் கழுவி வருசக்கணக்கா ஓட்டுன தொழிலுக்கு இதுதான் மரியாதையா?

"அப்படியாச்சும் பழைய பொருள் காயலாங்கடைக்குப் போகாம இருக்குதேண்ணா"ன்னு ஒரு தம்பி வாதம் பண்ணுனாரு. காயலாங்கடைக்குப் போற மெஷினை எடுத்து வெச்சா நானே மாலை போடறேன் தம்பி. நீங்க கேக்கறது ஓடற மெஷினை. அது போச்சுன்னா அடுத்த மெஷினுக்கு ஸ்பேர் கழட்டக்கூட நாதி இல்லை.

இன்னொண்ணு, இந்த 'நம்மூரு சோடா' பெருமை. 2017-ல ஜல்லிக்கட்டுச் சூட்டுல வணிகர் சங்கங்கள் மார்ச் 1-ல இருந்து கோக், பெப்சி விக்கறதில்லைன்னு சொன்னப்ப ஊரே பொவன்டோ குடிச்சுது. காளிமார்க் 1916-ல இருந்து இருக்கற கம்பெனிங்கறதையே நிறையப் பேரு அப்பத்தான் கண்டுபுடிச்சாங்க. அப்புறம் எத்தனை பேரு வீட்டு ஃப்ரிட்ஜ்ல எது இருக்குதுன்னு அவங்கவங்களே பாத்துக்கட்டும். அதுக்கு ரெண்டு வருசம் முன்னால, 2015-ல, எங்களுக்குப் பக்கத்துப் பெருந்துறை சிப்காட்டுல கோக கோலாவுக்கு ஒதுக்குன 71 ஏக்கரை ரத்து பண்ண வெச்சது அந்தப் பக்கத்துச் சனங்க. அவங்க நின்னது தண்ணிக்காக.

தண்ணின்னதும் ஒரு உண்மையைச் சொல்லிடறேன், கிராமத்துச் சோடான்னா சுத்தம்னு நெனைக்கறவங்களுக்குக் கசக்கும். கதித்தமலையில அகத்தியர் தாகத்துக்கு முருகன் வேலால குத்தி ஊற்று வரவெச்சதா ஒரு கதை. ஊத்துக்குளிங்கற பேரே அந்த ஊத்துல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்துலதான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்குன்னு 1992-ல முடிச்சாங்க, திருப்பூர்ச் சாயத்தண்ணி நொய்யல் வழியா வந்து ரொம்புச்சு. 2011 ஜனவரியில ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. நீங்க போடற பனியனோட கலரும் அந்தத் தண்ணிக்குள்ள இருந்துச்சுங்க. அதனால சோடாக்காரர்கிட்டக் கேக்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன தண்ணிங்க ஊத்தறீங்க?" மெஷின் கரெக்டா இருந்து தண்ணி உப்பா இருந்தா உப்புச் சோடாதான் வரும். எங்க பெரியவர் இந்தக் கேள்விக்குக் கோவிச்சுக்க மாட்டாரு, தண்ணிக் கேனைத் தூக்கிக் காட்டுவாரு.

அவரோட மெஷின் விலைக்கு இல்லை. நாலு போனுக்கும் அதையேதான் சொன்னேன். அவருக்கு இப்ப வேணுங்கறது வாய் ஓடையாத பாட்டிலும் கழுத்துக்குப் போடற ரப்பர் வளையமும். உங்க வீட்டு ஷோகேஸ்ல பூ சொருகி வெச்சிருக்கற கோலி பாட்டில் நல்லா இருந்தா பழைய துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க. வரும்போது போன் பண்ணிட்டு வாங்க. விடிகாலையில வந்தா அவர் சுத்தறதையும் பாக்கலாம், மோரும் தர்றேன்.