பேஸ்ட் பல்லுக்கு, ஹெட்லைட்டுக்கு அல்ல!

"ஹெட்லைட் மஞ்சளாயிடுச்சா? பேஸ்ட் போட்டுத் தேய்ங்க, புதுசாட்டம் ஆயிடும்!"

இந்த அறிவுரையைச் சொல்லாத ஆளே எங்க ஊரில் கிடையாது. டீக்கடையில் சொல்றாங்க, கல்யாண வீட்டில் சொல்றாங்க, வாட்ஸ்அப்பில் வீடியோவாவே வருது. பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன தெரியும்னு கேட்காதீங்க. போன மாசம் வரைக்கும் ஒண்ணும் தெரியாதுதான்.

போன மாசம் உத்திரமேரூரில் ஒரு நிச்சயதார்த்தம். முடிச்சுட்டு மாமாவோட பழைய காரில் ஓரிக்கைக்குத் திரும்பிட்டு இருந்தோம். ராத்திரி பத்து மணி. பாலாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, திடீர்னு கண்ணெதிரே ஒரு சைக்கிள், கேரியரில் புல்லுக்கட்டோட! மாமா பிரேக்கில் ஏறியே நின்னுட்டார். சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காம அவர் பாட்டுக்குப் போயிட்டார். எனக்குத்தான் கை நடுக்கம் நிக்கலை.

"மாமா, லைட் எரியுதா இல்லையா?"

"டேய், பொங்கலுக்குத்தான்டா பேஸ்ட் போட்டுத் தேச்சேன்!"

வீட்டுக்கு வந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா, ரெண்டு லைட்டும் புரை விழுந்த கண்ணு மாதிரி இருக்கு.

விஷயம் இதுதான். அம்பாசடர், பத்மினி காலத்தில் ஹெட்லைட் முகப்பு கண்ணாடி. இப்போ பாலிகார்பனேட், அதாவது பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது மஞ்சளாகும். அதனால் கம்பெனியிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசித்தான் அனுப்புறாங்க. நம்மூர் வெயிலில் நிக்க நிக்க அந்தப் பூச்சு சிதையுது. பேஸ்டில் இருக்கிற நுண்ணிய தூள் மேலே உள்ள மங்கலைச் சுரண்டி எடுக்குது, வாஸ்தவம். கூடவே மிச்சம் மீதி இருக்கிற பூச்சும் போகுது! முதலைத் தின்னுட்டு லாபம்னு கணக்கு காட்டுற மாதிரி. வெறும் பிளாஸ்டிக் வெயிலைப் பார்த்ததும் சில மாசத்தில் பழைய கதைதான்.

அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ.ன்னு ஒரு வாகன ஓட்டிகள் சங்கம், 2018ல் சோதிச்சுப் பார்த்தாங்க. பதினொரு வருஷ வண்டிகளின் மங்கிப்போன லைட், புது லைட் தர்ற வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் கொடுத்துச்சாம். மீதி 80? அதுக்குத்தான் நம்ம ஆளுங்க வெள்ளை எல்.இ.டி. பல்பை வாங்கி உள்ளே மாட்டுறாங்க. மங்கின பிளாஸ்டிக் வழியா அது நாலாபக்கமும் சிதறி, எதிரே வர்றவன் கண்ணைக் குருடாக்குது. ரோடு மட்டும் தெரியாது!

எனக்கு நிஜமாவே ஆத்திரம் வர்றது இன்னொரு இடத்தில். வாடகை வண்டிக்கு எட்டு வருஷம் தாண்டினா வருஷாவருஷம் எஃப்.சி. உண்டு. சொந்தக் காருக்கோ முதல் 15 வருஷம் ஒண்ணுமே கிடையாது. புகைக்கு சர்டிபிகேட் கேட்கிறாங்க, வெளிச்சத்தை எவனும் கேட்கிறதில்லை. தெருவிளக்கே இல்லாத ரோட்டில் புல்லுக்கட்டோட போறவர் உயிர் யார் கணக்கில் வரும்?

சரியான வைத்தியம் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணி விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளால் வரிசையா தேய்க்கணும். பாலிஷ் போடணும். கடைசியா புற ஊதாவைத் தடுக்கிற கிளியர் கோட் அடிக்கணும். இந்தக் கடைசி வேலையை விட்டா முன்னாடி செஞ்சது அத்தனையும் தண்டம். ஈரம் உள்ளே இறங்கிப் புகை படிஞ்சிருந்தா வெளியே என்ன தேய்ச்சாலும் பிரயோசனமில்லை, லைட்டையே மாத்தணும்.

(முன் கண்ணாடியின் உள்பக்க மங்கலுக்குக் காரணம் வேற. டேஷ்போர்டு பிள்ளையாருக்கு ஏத்துற ஊதுபத்திப் புகை! பிள்ளையார் கோவிச்சுக்க மாட்டார், வீட்டிலேயே ஏத்திட்டு வாங்க.)

உப்புத்தாளும் டேப்பும் வாங்கி வெச்சாச்சு. மாமாதான் இன்னும் கார் சாவியைத் தரமாட்டேங்கிறார். "கோடு விழுந்துடும்டா"ங்கிறார் :-(