மிஸ் மார்வலுக்கு எத்தனை புள்ளி?



இந்த விடுமுறையில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ‘மிஸ் மார்வல்’ தொடரை இரண்டாவது தடவையும் பார்த்து முடித்தோம். 2022இல் வந்தது. ஆறே அத்தியாயங்கள். வந்த நேரம் “நம்மட பிள்ளை ஒன்று சூப்பர் ஹீரோ ஆகிட்டாள்” என்று நாங்களும் சந்தோஷத்தில் பதிவு போட்டோம். “ஜின்னை வைத்து விளையாடுறாங்க, பார்க்காதீங்க” என்று சிலர் ஏசினார்கள். எழுத்து எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கமும் பார்க்கவில்லை.

விடைத்தாள் திருத்துகிறவர்கள் நாங்கள். தெரிந்த வீட்டுப் பிள்ளை என்று புள்ளியைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

முழுப் புள்ளி கமாலா கானின் வீட்டுக்கு. ஜேர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பம். மகள் அவெஞ்சர்ஸ் ரசிகர் விழாவுக்குப் போகக் கேட்கிறாள். வாப்பாவோடு போகலாம் என்கிறார்கள். வாப்பா ஆசை ஆசையாகப் பச்சை நிறம் பூசி ஹல்க் வேஷத்தில் வந்து நிற்கிறார். மகளுக்கு வெட்கம், வாயில் வந்ததைச் சொல்லிவிடுகிறாள். அவர் முகம் வாடுகிறது. அங்கே சண்டையுமில்லை, சக்தியுமில்லை. ஆனால் அந்த முகம் மனதில் நிற்கிறது. உம்மா முனீபாவும் கண்டிப்புக்கு மட்டும் வந்து போகும் உம்மா இல்லை. அவரும் ஒருகாலத்தில் தன் தாயோடு முரண்பட்டுக் கராச்சியை விட்டு வந்த மகள்தான். தோழி நகியா, பள்ளிவாசலில் பெண்கள் பகுதி மட்டும் ஏன் பழுதாகிக் கிடக்கிறது என்று கேட்டு நிர்வாக சபைத் தேர்தலில் நிற்கிறாள். நம்ம ஊர்களிலும் கேட்க வேண்டிய கேள்விதான். கதாநாயகிக்கு உதவி செய்வதற்காக மட்டும் இவர்கள் இல்லை. இவர்களுக்கென்று கவலைகள் இருக்கின்றன.

புள்ளி குறைவது எதிரிகளுக்கு. நஜ்மாவும் அவள் கூட்டமும் ஓர் அத்தியாயத்தில் கமாலாவோடு அன்பாகப் பேசுகிறார்கள், அதே அத்தியாயத்திலேயே அவள் நானாவின் கல்யாணத்துக்குள் புகுந்து அடிக்கிறார்கள். இடையில் மனம் எப்படி மாறியது? காட்டவில்லை. கடைசியில் மகன் பெயரைச் சொன்னதும் நஜ்மா சில நொடிகளில் திருந்தி உயிரை விடுகிறாள். ஜின் என்ற பெரிய சொல்லைக் கொண்டுவந்து, அதற்கேற்ற பயத்தையோ ஆழத்தையோ எழுதவில்லை. எங்கள் குறை அதுதான். தலைமை எழுத்தாளர் பிஷா கே. அலியின் குழு தங்களுக்குத் தெரிந்த மனிதர்களை உயிரோடு எழுதியது. வில்லன் வேண்டுமே என்று எழுதியது அச்சில் வார்த்தது போல இருக்கிறது.

ஆனால் ஐந்தாம் அத்தியாயம் வேறு. 1947, பிரிவினை, கராச்சிக்குப் புறப்படும் கடைசி ரயில். கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தகப்பனிடம் சேர்ப்பதுதான் கமாலாவின் சக்தி செய்யும் பெரிய காரியம். உலகத்தைக் காப்பாற்றவில்லை, தன் உம்மம்மாவைக் காப்பாற்றுகிறாள்.

அதைப் பார்த்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. நம்ம மலையகத்திலும் அப்படி ஒரு ரயில் ஓடியது. 1948இல் குடியுரிமைச் சட்டம், 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று மேசையில் கணக்குப் போட்டார்கள். தோட்டத்துச் சனம் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வந்தது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் நம்ம வகுப்பறைகளில் இன்றும் இருக்கின்றன.

போன தவணை தரம் 9 பிள்ளைகளுக்குச் ‘சக்தி கிடைத்த ஒருவர்’ என்று கதை எழுதக் கொடுத்தோம். அரைவாசிக் கொப்பிகளில் கதை நியூயோர்க்கில் நடந்தது. ஹட்டன் பிள்ளை நியூயோர்க்கில் கட்டடம் இடிக்கிறது! ஒரு ஹீரோவுக்கும் அம்மா இல்லை, பசி இல்லை, லயத்துக் கூரை ஒழுகவில்லை. பிள்ளைகளில் பிழையில்லை. தங்கள் வீடு கதைக்கு உதவும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அதனால் எங்கள் தீர்ப்பு: நூற்றுக்கு அறுபத்தைந்து. வில்லனுக்குக் குறைத்தோம், ரயிலுக்குக் கூட்டினோம்.

இந்தத் தவணை வீட்டுவேலையும் முடிவு செய்துவிட்டோம். அம்மாயியிடம், அப்பாயியிடம், உம்மம்மாவிடம் போய் ஒரு பயணத்தைப் பற்றிக் கேட்டு வரவேண்டும். சக்தியைப் பிறகு கொடுக்கலாம், முதலில் கோச்சியில் யார் இருந்தார்கள் என்று எழுதட்டும்.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.