எச்சில் குழாய்

புளியறைச் சோதனைச்சாவடியில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு மாநிலம் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்று பார்க்கலாம். கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் போதும், கால்நடைத் துறை ஆட்கள் கிருமிநாசினித் தெளிப்பானோடு வந்துவிடுவார்கள். கோழி லாரி, முட்டை லாரி, தீவன லாரி எதுவானாலும் டயர் நனையாமல் உள்ளே வர முடியாது. மருத்துவக் கழிவோ இறைச்சிக் கழிவோ ஏற்றிவந்த வண்டி பிடிபட்டால் செங்கோட்டை, தென்காசி வரை பேச்சு அதுதான். இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

என் மறுப்பு, அதே புளியறையில் என் பெரியம்மா வீட்டுக் கொல்லையில் கிடக்கும் ஒரு அரை அங்குல நீல ட்யூபைப் பற்றியது.

ஊராட்சிக் குழாய் அங்கே தரைக்கு மேலே இல்லை. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது என்று இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, குழிக்குள் குழாயை வைத்திருக்கிறார்கள். அந்தத் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் அப்படித்தான். சாரல் காலத்தில் குழி நிறைந்து குழாயே முங்கிக் கிடக்கும். அதன் வாயில் மாட்டிய நீல ட்யூபின் மறுமுனை மாட்டுக்குத் தண்ணி காட்டும் தொட்டிக்குள், புண்ணாக்குத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. ஒரு காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு நிற்கும்போது தண்ணீர் நின்றது. தொட்டியில் மிதந்த வைக்கோல் துணுக்குகள் மெல்ல நகர்ந்து ட்யூபின் பக்கம் வந்தன. தொட்டியின் மட்டம் இரண்டு விரல்கடை இறங்கியது.

“பெரியம்மா, தொட்டித் தண்ணி குழாய்க்குள்ள போவுது.”

“அது எப்படிலே போவும்? தண்ணி வர்ற குழாய்க்குள்ள தண்ணி எப்படிப் போவும்?”

இந்தக் கேள்வியைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க எதிர்த்து நிற்கப் போகிறேன். அதைக் கேட்டது பெரியம்மா மட்டுமல்ல. ஊராட்சி அலுவலகத்திலிருந்து பெரிய அடுக்ககங்களின் குடியிருப்போர் சங்கம் வரை எல்லோருடைய மனதிலும் இருப்பது இதே நம்பிக்கைதான்: வருகிற வழியில் எதுவும் திரும்பிப் போகாது.

குழாய்க்குத் திசை கிடையாது. அழுத்தம் எங்கே அதிகமோ அங்கிருந்து எங்கே குறைவோ அங்கே தண்ணீர் போகும், அவ்வளவுதான். பைக்கில் பெட்ரோல் தீர்ந்து, இன்னொரு வண்டியிலிருந்து ட்யூப் போட்டு உறிஞ்சி எடுத்த எவருக்கும் இந்த அறிவியல் தெரியும். மேல்நிலைத் தொட்டியின் வால்வை அடைத்ததும், பள்ளத்துத் தெருக்களில் திறந்திருக்கும் குழாய்கள் வழியாக மிச்சத் தண்ணீர் வடிகிறது. வடியும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. மேட்டுத் தெருவில் எந்த ட்யூபின் முனை எதில் முங்கிக் கிடக்கிறதோ, அதை அந்த வெற்றிடம் இழுத்துக்கொள்கிறது. புண்ணாக்குத் தண்ணீரோ, துணி ஊறும் வாளியோ, வயலுக்கு மருந்து கலக்கும் டிரம்மோ, குழியில் தேங்கிய சாக்கடையோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். மறுநாள் காலை வால்வைத் திறந்ததும் முதல் குடத்தில் அது வந்து விழுகிறது. “முதல்ல கொஞ்சம் கலங்கலாத்தான் வரும், வழிய விட்டுப் பிடிக்கணும்” என்று நம் அம்மாக்கள் சொல்வது இதைத்தான்.

இதற்கு மேல் மோட்டார் வேறு. ஊராட்சி லைனில் நேரடியாக அரை எச்.பி. மோட்டாரை மாட்டி உறிஞ்சும் வழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. மோட்டார் கேட்கும் அளவு தண்ணீர் குழாயில் இல்லையென்றால் அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே இறங்கும். அப்போது பக்கத்து வீட்டுக் குழியில் கிடப்பதும், பூமிக்கடியில் விரிசல் விட்ட இணைப்பைச் சுற்றி ஊறி நிற்பதும் உள்ளே வரும். தண்ணீர் வந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே இது நடக்கும்.

இதைத் தடுக்க விதி இல்லாமல் இல்லை. மோட்டார் வைத்து உறிஞ்சினால் பறிமுதல், இணைப்புத் துண்டிப்பு என்று நகராட்சிகளும் ஊராட்சிகளும் கோடைதோறும் அறிவிக்கின்றன. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள். ஆனால் அந்த அறிவிப்புகள் மோட்டாரைத் திருட்டாகத்தான் பார்க்கின்றன. அடுத்தவர் பங்கை எடுப்பது தவறு என்பதோடு நின்றுவிடுகின்றன. திருட்டு என்று சொன்னால் நம் ஊரில் என்ன ஆகும் என்று தெரியும். “அவன் வச்சிருக்கான், நான் வச்சா என்ன?” என்பதுதான் பதில். தெருவில் ஒருவர் வைத்தால் மறு மாதம் பத்துப் பேர் வைப்பார்கள். கோடை முடிந்ததும் பறிமுதலும் முடிந்துவிடும். அது திருட்டு மட்டுமில்லை, தெரு முழுக்கக் குடிக்கும் பாத்திரத்தில் கழிவைக் கலப்பது என்று எந்த மைக்கும் சொன்னதில்லை. குற்றத்துக்குத் தப்பான பெயர் வைத்தால் சட்டமும் தப்பான இடத்தில்தான் போய் நிற்கும்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு நான்கு ஊர்களைச் சொல்கிறேன்.

1933-இல் உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சிகாகோவில், இரண்டு பெரிய ஓட்டல்களில் தங்கியவர்களுக்கு அமீபா வயிற்றுக்கடுப்பு வந்தது. நோய் கண்டவர்கள் 1,400-க்கு மேல், இறந்தவர்கள் 98. ஓட்டலின் குழாய் அமைப்பில் கழிவுநீரும் குடிநீரும் தொட்டுக்கொள்ள வழி இருந்ததுதான் காரணம். 1969-இல் அமெரிக்காவின் ஹோலி கிராஸ் கல்லூரிக் கால்பந்தாட்ட அணிக்கே கல்லீரல் அழற்சி வந்து, அந்தப் பருவத்தின் ஆட்டங்கள் ரத்தாயின. பக்கத்தில் தீயணைப்புக்காகத் தண்ணீர் இழுத்தபோது அழுத்தம் இறங்க, மைதானத்தில் தரைமட்டத்துக்குக் கீழே இருந்த ஒரு குழாய் சுற்றிலும் தேங்கிய அசுத்த நீரை உறிஞ்சிக்கொண்டது. நம் குழிக் குழாயேதான். 2007 நவம்பரில் பின்லாந்தின் நோக்கியா நகரில், சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் இணையும் ஒரு வால்வு திறக்கப்பட, 8,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். அந்தப் பெயரிட்ட கைபேசியை நாமெல்லாம் ஒரு காலத்தில் சட்டைப்பையில் வைத்திருந்தோம். அந்த ஊரில் ஒரு வால்வுக்குக் காவல் இல்லை.

நான்காவது நம்முடையது. 1955 டிசம்பரில் தொடங்கிய டெல்லி மஞ்சள்காமாலை. யமுனை தடம் விலகியதில் நஜாஃப்கர் சாக்கடையின் நீர், வஜீராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு எதிர்த்திசையில் ஏறியது. மஞ்சள்காமாலை கண்டவர்கள் சுமார் 29,000 பேர். அது ஹெபடைடிஸ் ஈ என்று கண்டறியவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அங்கே பின்வாங்கியது ஆறு, இங்கே பின்வாங்குவது குழாய். அளவு வேறு, விதி ஒன்று.

பெரிய சாவு விழுந்தால்தான் பேசுவோம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னோட்டம் கைரேகை வைத்துவிட்டுப் போவதில்லை. ஐந்து நிமிடம் இழுத்து, அடுத்த நாள் அதே குழாயில் தெளிந்த தண்ணீர் வரும். மாதிரி எடுக்க ஆள் வருவதற்குள் சாட்சி வடிந்துவிடும். 2024 டிசம்பரில் பல்லாவரத்தில் வயிற்றுப்போக்குக்குப் பின் சாவுகள் நேர்ந்தபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததா இல்லையா என்பதே அரசியல் சண்டையானது. குழாயில் எப்போது அழுத்தம் இருந்தது, எப்போது இல்லை என்ற பதிவு ஊர்தோறும் இருந்தால் இப்படிப்பட்ட சண்டைகளுக்குப் பாதி வேலை இருக்காது. என் தொழிலில் ஒரு சர்வர் ஐந்து நிமிடம் படுத்தால்கூட அதற்குக் குறிப்பேடு உண்டு. குடிக்கிற தண்ணீருக்கு இல்லை.

இனி எனக்கு வந்த பதில்கள். தென்காசியில் ஒரு பிளம்பர் அண்ணாச்சி, “தம்பி, அதான் பிளீச்சிங் பவுடர் போடுறாங்கல்லா?” என்றார். போடுகிறார்கள். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அந்த மிச்சம் சில்லறைக் கிருமிகளுக்கானது. ஒரு குடம் சாணித் தண்ணீர் உள்ளே வந்தால் அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்று தீர்த்துவிடும். பூச்சிமருந்து வந்தால் குளோரின் காவலுக்கே ஆகாது.

“எங்க வீட்ல ஆர்.ஓ. இருக்கு” என்பது அடுத்த பதில். உங்கள் வீட்டில் இருக்கிறது. பல் விளக்குவதும், தட்டுக் கழுவுவதும், குழந்தை குளிக்கும்போது விழுங்குவதும் எந்த ஆர்.ஓ.வில்? பொதுத் தண்ணீரைக் கைவிட்டுவிட்டுச் சமையலறையில் ஒரு தனித் தீவு கட்டிக்கொண்டவர்கள், தீவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு விதி வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

கொஞ்சம் கனமான பதில் இது: “24 மணி நேரமும் தண்ணீர் விட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.” பெருமளவு உண்மை. ஒடிசாவின் பூரி நகரம் 2021-இல் அதைச் செய்து காட்டியது. குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் குழியும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். ஆனால் நோக்கியாவில் 24 மணி நேரமும் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. எதிர்ப்பக்க அழுத்தம் கூடினால் நிரம்பிய குழாயிலும் கழிவு ஏறும். சொந்த ஆழ்துளைக் கிணற்று லைனையும் ஊராட்சி லைனையும் ஒரே குழாயில் சேர்த்து நடுவில் ஒரு வால்வு மட்டும் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை! அந்த வால்வை அடைக்க மறந்த நாளில், மோட்டார் போட்டதும் அவர்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் தெரு குடிக்கிறது. தவிர, 24 மணி நேர விநியோகம் வரும்வரை குடிக்கப் போவதும் இதே மக்கள்தான்.

இதற்கான தொழில்நுட்ப விதிகள் நம்மிடமே இருக்கின்றன. கட்டடங்களில் குடிநீர் அமைப்புக்கான இந்தியத் தரநிலை 2065, 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இரண்டும் குடிநீரும் பிற நீரும் தொடக் கூடாது என்கின்றன. அவை நிபுணர்களின் அலமாரியில் இருக்கின்றன. புளியறையில் குழாய் மாட்டும் ஆள் அவற்றைப் பார்த்ததில்லை, பார்க்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டெல்லியில் எழுதிய விதி கொல்லைப்புறம் வரை வர வேண்டுமென்றால் அதைக் கொல்லைப்புறத்தில் இருப்பவர்கள் எழுத வேண்டும். அரசியல் சாசனத்தின் 11-ஆம் அட்டவணை குடிநீரை ஊராட்சிகளின் பொருளாகச் சொல்கிறது. வீட்டு இணைப்பு கொடுப்பதும் கட்டணம் வாங்குவதும் ஊராட்சி. நிபந்தனை போட அதற்கு முடியும்.

என்ன எழுதுவது? முதல் விதி ஊராட்சிக்குத்தான், மக்களுக்கு அல்ல. தண்ணீர் விடும் நேரம், அடைக்கும் நேரம் எழுதி ஒட்டப்பட வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். அழுத்தம் இல்லாததால்தான் ஜனங்கள் குழி தோண்டினார்கள். அழுத்தத்தைக் கொடுக்காமல் குழியை மூடச் சொல்வது அதிகாரத் திமிர். ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்குச் சொல்கிறது. அந்த 55 லிட்டர் தரைக்கு மேலே இரண்டடி ஏறி வருகிறதா என்றும் கணக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இடைவெளி. குழாயின் வாய்க்கும் பாத்திரத்தின் விளிம்புக்கும் நடுவே குழாய் விட்டத்தைப்போல இரு மடங்கு காற்று. உலகத்தில் இதைவிட நம்பகமான தடுப்பு இல்லை, செலவும் இல்லை. ட்யூபைத் தொட்டிக்குள் போடாமல் விளிம்புக்கு மேலே கட்டினால் போதும். மோட்டார் வேண்டுமென்றால் லைனில் மாட்டாதே. தண்ணீர் மேலிருந்து விழும் தரைத் தொட்டி கட்டி, அதிலிருந்து ஏற்று. கட்ட முடியாத வீடுகள் நாலைந்து சேர்ந்து ஒன்று கட்ட ஊராட்சி உதவட்டும்.

மூன்றாவது, ஆபத்துக்குத் தக்க விதி. பிரிட்டன் 1999-இல் வகுத்த விதிகள் திரவங்களை ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. அதேபோல் நாமும் லாட்ஜ், ஓட்டல், மருத்துவமனை, வாகனம் கழுவும் கடை, கோழிக்கடை என்று தொடங்கலாம். சீசனுக்குக் குற்றாலத்தில் கூட்டம் குவிகிறது. அதைச் சுற்றிய விடுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை சோதனை வேண்டும். வீட்டுக்கு ஒரு சாதாரண நான்-ரிட்டர்ன் வால்வு போதும், சில நூறு ரூபாய். அதன் இன்னொரு பெயர் செக் வால்வு. செக்போஸ்ட் வைத்திருக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெரியம்மாவிடம் அழுத்தம், வெற்றிடம் என்று நான் பேசியது எதுவும் ஏறவில்லை. கடைசியில், “அடுத்த வீட்டு எச்சில் நம்ம குடத்துல விழுது பெரியம்மா, நம்ம எச்சில் அவங்க குடத்துல” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ட்யூபை எடுத்து, தொட்டிக்கு மேலே முருங்கைக் கிளையில் கட்டினாள். செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடித்து வளர்ந்த தலைமுறை அது. அந்த இடைவெளியை நாம் நல்லதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்ததும் இதே எச்சில் பயம்தான். மனிதர்களுக்கு நடுவே வைக்கத் தெரிந்த இடைவெளியைக் குழாய்க்கும் தொட்டிக்கும் நடுவே வைக்கத் தெரியவில்லை என்பதுதான் வெட்கம்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். அன்று வழக்கமாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு கலைகிறோம். உறுதிமொழிக்குப் பதிலாக இந்த மூன்று விதிகளையும் தீர்மானமாகக் கொண்டுவரச் சொல்லி, புளியறைக்காரர்களிடமும் அவரவர் ஊர்க்காரர்களிடமும் கேட்கிறேன். எழுந்து நின்று கேட்பவருக்கு, “தண்ணி வர்ற குழாய்க்குள்ள தண்ணி எப்படிப் போவும்?” என்ற பதில் கட்டாயம் வரும். ஒரு தொட்டியும் ஒரு ட்யூபும் கொண்டுபோங்கள். செய்து காட்ட ஐந்து நிமிடம்கூட ஆகாது.