லீக் மாறும்போது யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?

தேக்காவிலிருந்து முஸ்தஃபாவைத் தாண்டி நடந்தால் சில நிமிடங்களில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் வந்துவிடும். 1929ல் திறக்கப்பட்ட அந்தத் திடலில்தான் சிங்கப்பூரின் தொடக்ககால மலேசியக் கிண்ண ஆட்டங்கள் பலவும் நடைபெற்றன. பின்னர் காலாங்கில் 55,000 பேர் அமரக்கூடிய தேசிய விளையாட்டரங்கம் வந்தது. கூட்டமும் கூச்சலும் அங்கு இடம் மாறின.

அந்தக் கூட்டம் ஏன் கலைந்தது என்ற கேள்விக்கு இரசிகர்கள் பல பதில்கள் சொல்வார்கள். ஆனால், எல்லாப் பதில்களும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: பணம்.

1994 டிசம்பரில் ஷா ஆலமில் பாகாங்கை 4-0 என வென்று, லீக் பட்டத்துடன் மலேசியக் கிண்ணத்தையும் சிங்கப்பூர் கைப்பற்றியது. அடுத்த பருவத்தில் அக்குழு மலேசியப் போட்டிகளில் இல்லை. நுழைவுச்சீட்டு வருவாயை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதில் இரு நாட்டுச் சங்கங்களுக்கும் ஒத்துவரவில்லை. ஆட்டத்தை விலைபேசும் ஊழல் இரு தரப்பையும் உலுக்கிய காலம் அது. 1921ல் தொடங்கிய உறவு முறிந்தது. வெற்றியின் உச்சத்தில் இருந்த ஆட்டக்காரர்களுக்கு அதுவரை ஆடிய மேடை இல்லாமல் போனது.

உலகமெங்கும் இதே கணக்கு

இது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டில் அண்மைய ஆண்டுகளில் நடந்திருப்பது இதன் பெரிய வடிவம்.

ஒலிம்பிக் தங்கம் வென்ற ஜோசஃப் ஸ்கூலிங் டெக்சஸ் பல்கலைக்கழகத்திற்காக நீந்தியபோது அப்பல்கலைக்கழகம் ‘பிக் 12’ என்ற கூட்டணியில் இருந்தது. 2024ல் அது அங்கிருந்து விலகி, கூடுதல் வருமானம் தரும் தென்கிழக்குக் கூட்டணியில் சேர்ந்தது. நூறாண்டுக்கு மேற்பட்ட மரபுடைய மேற்குக் கரையின் ‘பேக் 12’ கூட்டணியிலிருந்து அதே ஆண்டு 10 பல்கலைக்கழகங்கள் வெளியேறின. எஞ்சியவை இரண்டு மட்டுமே.

‘பிக் டென்’ கூட்டணி 2022ல் தொலைக்காட்சி நிறுவனங்களுடன் செய்துகொண்ட ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 7 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகம். அந்தப் பணத்தில் பங்கு வேண்டும் என்பதால் லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் இப்போது நியூ ஜெர்சிவரை பறந்து சென்று போட்டியிடுகின்றனர். பணத்தை ஈட்டித் தருவது அமெரிக்கக் காற்பந்து. நள்ளிரவில் விமானம் ஏறி, மறுநாள் காலை வகுப்புக்குப் போக வேண்டியவர்களில் கைப்பந்து ஆடுபவரும் உண்டு, மென்பந்து ஆடுபவரும் உண்டு.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய காற்பந்துக் குழுக்கள் தங்களுக்கெனத் தனி ‘சூப்பர் லீக்’ அறிவித்தன. இரசிகர்கள் தெருவில் இறங்கியதால் இங்கிலாந்துக் குழுக்கள் ஆறும் இரண்டே நாளில் பின்வாங்கின. எதிர்த்து நிற்க இரசிகர்களுக்குப் பலமிருந்தால் கணக்கை மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. சிறிய சந்தைகளில் அந்தப் பலம் குறைவு.

சொந்த லீக், சொந்தச் சிக்கல்

மலேசியாவிலிருந்து வெளியேறிய சிங்கப்பூர், 1996ல் எட்டுக் குழுக்களுடன் எஸ்.லீக் போட்டியைத் தொடங்கியது. பலன் கிடைக்காமல் இல்லை. 1998ல் ஹனோயில் ஆர். சசிகுமாரின் கோலால் வியட்னாமை வென்று சிங்கப்பூர் முதன்முறையாகத் தென்கிழக்காசிய வெற்றியாளர் ஆனது. 2004, 2007 ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் வந்தது.

ஆனால் குழுக்களை நடத்தப் பணம் எங்கிருந்து வருவது? நுழைவுச்சீட்டு விற்பனை போதவில்லை. பல குழுக்கள் மன்றங்களில் வைத்திருந்த ஜாக்பாட் இயந்திர வருவாயைச் சார்ந்திருந்தன. 2017ல் அவற்றுக்கான விதிமுறைகளை அரசாங்கம் கடுமையாக்கியபோது அந்த வழியும் குறுகியது.

சீக்கிய சமூகத்தின் ஆதரவுடன் 1999ல் லீக்கில் நுழைந்த கிளமெண்டி கால்சா, சில ஆண்டுகளிலேயே பாலஸ்டியர் சென்ட்ரலுடன் இணைந்து பாலஸ்டியர் கால்சா ஆனது. உட்லண்ட்ஸ் வெலிங்டன், ஹவ்காங் யுனைடெட்டுடன் இணைக்கப்பட்டது. அதிகப் பட்டங்களை வென்ற வாரியர்ஸ் குழு பணநெருக்கடியால் 2020 முதல் லீக்கில் இல்லை. இடத்தை நிரப்ப வெளிநாட்டுக் குழுக்கள் வரவழைக்கப்பட்டன. பிரெஞ்சு ஆட்டக்காரர்களைக் கொண்ட எத்துவால் குழு, வந்த முதல் ஆண்டான 2010லேயே பட்டத்தை வென்றது. அடுத்த பருவத்துடன் அது மறைந்துவிட்டது.

2012ல் லயன்ஸ் டுவெல்வ் மூலம் மலேசிய லீக்கிற்குத் திரும்ப வழி பிறந்தது. வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் அக்குழு 2013ல் மலேசிய சூப்பர் லீக் பட்டத்தையும், ஃபாண்டி அகமதின் பயிற்சியில் 2015ல் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அதே ஆண்டு இறுதியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மலேசியத் தரப்பு முன்வரவில்லை. குழு கலைக்கப்பட்டது. இருபது ஆண்டு இடைவெளியில் அதே கதை இரண்டாம் முறை அரங்கேறியது.

அண்மையில் புருணையின் டிபிஎம்எம் குழு சிங்கப்பூர் லீக்கைவிட்டு மலேசிய லீக்கிற்கு மாறியது. ஒவ்வொரு தரப்பும் தனக்கு எது நல்லது என்று பார்க்கிறது. அதில் தவறில்லை. ஆனால் விருந்தாளிகளை நம்பி வீடு கட்டினால், அவர்கள் புறப்படும் நாளில் அறைகள் காலியாகத்தான் இருக்கும்.

புதிய பணம், புதிய கேள்வி

2020ல் ஹோம் யுனைடெட் குழுவை சீ குழுமம் வாங்கி, லயன் சிட்டி செய்லர்ஸ் என்று பெயரிட்டது. லீக்கின் முதல் தனியார் குழு அது. பணம் தந்த பலன் கண்கூடு. 2025 மே மாதம் பீஷானில் நடந்த ஆசிய வெற்றியாளர் லீக் 2 இறுதியாட்டம்வரை அக்குழு சென்று, ஷார்ஜாவிடம் 1-2 எனத் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஹாங்காங்கை வென்ற தேசியக் குழு, தகுதிச் சுற்றின் வழியாக முதன்முறை ஆசியக் கிண்ணத்திற்குத் தேர்வானது.

தனியார் பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு குழு மட்டும் வசதியாகவும் மற்றவை மானியத்தை எதிர்பார்த்தும் இருந்தால் போட்டி சுவாரசியம் இழக்கும் என்பதே கவலை. குழுக்கள் பதிவுசெய்யக்கூடிய வெளிநாட்டு ஆட்டக்காரர் எண்ணிக்கையும் உயர்த்தப்பட்டுள்ளது. தரம் கூடலாம். ஆனால் தேசிய சேவையை முடித்துவிட்டு வரும் 21 வயது இளையர், ஆடும் பதினொருவரில் இடம் கிடைக்குமா, வேறு வேலை தேட வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எஸ். ராஜகோபால், கே. கண்ணன், சுந்தரமூர்த்தி, சசிகுமார் எனத் தேசியக் குழுவில் தொடர்ந்து இடம்பெற்ற இந்தியச் சமூகத்திற்கும் அக்கேள்வி நெருக்கமானது.

லீக் அமைப்பை மாற்றுவோர் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கலாம். விலகும் குழு ஒரு பருவத்திற்கு முன்பே அறிவிக்க வேண்டும். ஆட்டக்காரர் சம்பளத்திற்கு உத்தரவாதத் தொகை ஒதுக்கப்பட வேண்டும். வருவாயில் ஒரு பங்கு இளையர் குழுக்களுக்குச் செல்ல வேண்டும். இவை பெரிய செலவு வைப்பவை அல்ல.

1994ல் நுழைவுச்சீட்டுப் பணத்தைப் பற்றி இரு சங்கங்கள் பேசின. அந்தச் சீட்டை வாங்கியவர்களும், அவர்களுக்காக ஆடியவர்களும் பேச்சு நடந்த அறையில் இல்லை. அடுத்த முறையேனும் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடப்படுமா என்பதே ஜாலான் புசாரில் இன்னமும் வந்து அமரும் இரசிகர்களின் கேள்வி.