கொழுப்புக்கு வந்த பழி

செருக்குடையான் ஒருவனைக் 'கொழுப்பெடுத்தவன்' என்று ஏசுதல் நம் நாட்டு வழக்கு. ஆயின் நேயம் என்னுஞ் சொல் அன்பையும் எண்ணெயையும் ஒருங்கே உணர்த்துவது. இந்நயத்தை மறந்து, எண்ணெயும் நெய்யும் எவ்வகையாயினும் தீங்கே என்று உண்கலத்தினின்று விலக்குவோர் இந்நாளிற் பலர். அவர் கொள்கை பொருந்தாதென்பதே எம் கருத்து.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே உள்ளது பழவேற்காட்டு ஏரி. சைபீரியாவினின்று உள்ளான் முதலிய சிறு பறவைகள் ஆண்டுதோறும் ஈண்டு வந்திறங்குகின்றன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுயிர்க்குத் தோலின்கீழ்த் தேக்கிய கொழுப்பே கட்டுச்சோறு. ஒரு கிராம் மாப்பொருள் ஏறக்குறைய 4 கிலோகலோரி ஆற்றல் தரும். கொழுப்போ 9 தரும். அன்றியும், உடலிற் சேமித்த மாப்பொருள் தன்னினும் மிக்க எடையுள்ள நீரையும் உடன் சுமக்கும். கொழுப்புக்கு அச்சுமை இல்லை. மாப்பொருளையே சேமித்துப் பறக்கத் துணியின், அப்பறவை நிலம்விட்டு எழுதலே அரிதாம்!

எரிபொருளாதல் மட்டுமோ அதன் தொழில்? உயிரணு ஒவ்வொன்றையும் சூழ்ந்த மென்படலம் கொழுப்பினத்து மூலக்கூறுகள் ஈரடுக்காய் நின்று அமைந்ததே. அவற்றின் தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுத்து உள்ளொடுங்கும். இவ்வெறுப்பே உயிரின் மதிலாயிற்று. பலரும் அஞ்சும் கொலஸ்ட்ராலும் அம்மதிலில் ஓர் உறுப்பே.

1929-இல் அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்டிரெட் பர் என்னும் இருவர், எலிகட்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவை ஊட்டினர். அவற்றின் தோல் செதிள்பட்டது, வளர்ச்சி குன்றியது. அக்குறை தீர்க்கும் லினோலிக் அமிலம் நம் நல்லெண்ணெயில் நிரம்ப உண்டு.

அளவு மிகின் கேடென்பதை யாம் மறுக்கவில்லை. ஆயினும் பழியை வைக்குமிடம் வேறு. தொழிற்பேட்டை வாயில்களில், ஆலையின் முறை மாறும் வேளையில் வடை சுடும் வாணலிகளை நோக்குக. நேற்றுக் கருகிய எண்ணெயே இன்றும் கொதிப்பதுண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயிற் சிதைபொருள்கள் 25 விழுக்காட்டைக் கடத்தலாகாதென 2018 ஜூலை முதலும், உணவெண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டிற்கு மேற்படலாகாதென 2022 ஜனவரி முதலும் விதி உண்டு. விதி ஏட்டில் இருந்தென்? வாணலியருகே நின்று அளப்பார் யார்? இரவுமுறை முடித்துப் பசித்து வருந் தொழிலாளியை நோக்கி 'எண்ணெயை விலக்கு' என்பது எளிது. அவன் கையில் வரும் வடை புதிய எண்ணெயிற் சுட்டதாக இருக்கச் செய்தலே சுகாதார அதிகாரிகளிடம் யாம் வேண்டுவது.