கடுகும் ஒரு சினிமாப் பாட்டும்

எங்கள் கோபிக்குப் படப்பிடிப்புக்காரர்கள் வருவது புதிதில்லை. கொடிவேரி அணையும் நெல் வயலும் எத்தனை படத்தில் வந்துவிட்டன! சினிமாப் பாட்டு எங்களுக்கு அடுப்படித் துணை. ஆனால் அந்தப் பாட்டுக்குள்ளே புத்தர் உட்கார்ந்திருக்கிறார் என்றால் சிரிப்பீர்கள், இல்லையா?

1962-ல் வந்த 'சுமைதாங்கி' படத்தில் கண்ணதாசன் எழுதி, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா' பாட்டைக் கேட்காத சகோதரி யார்? கவிஞர் வாலி வாய்ப்புக் கிடைக்காமல் மனம் நொந்து, சென்னையை விட்டே கிளம்ப இருந்தாராம். இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தங்கிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

துன்பம் இல்லாத வாசலே கிடையாது என்று ஒரு கருத்து அதில் வருகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கிசா கோதமி ஞாபகம்தான். இறந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து கேட்டு அலைந்தவள். புத்தர் அவளிடம், சாவு நடக்காத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்றார். கடுகு எந்த வீட்டில்தான் இல்லை? வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். எல்லோரும் கடுகை எடுத்து வந்தார்கள். சாவு நடக்காத வீடு மட்டும் அகப்படவில்லை.

நம் மணிமேகலையிலும் ஒரு கோதமை உண்டு. மகன் சார்ங்கலன் இறந்துபோக, "என் உயிரை எடுத்துக்கொண்டு அவன் உயிரைக் கொடு" என்று சம்பாபதித் தெய்வத்திடம் மன்றாடுகிறாள். தெய்வமோ எல்லாத் தேவர்களையும் வரவழைத்து, போன உயிரை மீட்க யாராலும் ஆகாது என்று காட்டுகிறது. பெற்றவளாக இருந்து படித்தால் நெஞ்சு அடைக்கும்.

பாட்டில் இன்னொரு இடம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. நமக்கும் கீழே இருப்பவர்களை நினைத்து ஆறுதல் தேடச் சொல்கிறது. பணக் கஷ்டத்துக்கு அது சரி. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் சொல்லலாமா? புத்தர் அவளை அனுப்பியது தன்னைவிடக் கெட்டவர்களைப் பார்க்க அல்லவே. தன்னைப் போன்றவர்களைப் பார்க்கத்தானே!

எங்கள் வீதியில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. வந்தவர்கள் எல்லாம், "உனக்காவது மூத்தது ஒண்ணு இருக்குது அம்மிணி, அதுகூட இல்லாதவங்களை நெனைச்சுப் பாரு" என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். கெட்ட எண்ணமில்லை, ஆனால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். சாப்பாடும் இறங்கவில்லை.

ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா, எண்பது வயசிருக்கும், தடியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நானும் அங்கே இருந்தேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒண்ணு போச்சு கண்ணு. அம்பது வருசத்துக்கு மேலாச்சு" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண் திரும்பி, "என்னங்க ஆத்தா பேர் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். ஆத்தா பேரைச் சொன்னார். இரண்டு பேருமாக அழுதார்கள். நான் எழுந்து போய்க் கஞ்சி காய்ச்சினேன். அன்றைக்கு அரை டம்ளராவது குடித்தாள்.

ஒன்று மட்டும், சகோதரிகளே. இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்று ஒருத்தி கிடந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உயிரை விடுகிற பேச்சு வந்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம், தனியாகவும் விடாதீர்கள். எங்கள் வீதிப் பெண்ணையும் அவள் வீட்டுக்காரர் டாக்டரிடம் அழைத்துப் போனார். ஆத்தா இன்னமும் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.