நேர்முகத் தேர்வின் வாசல் வரையாவது போனோமா?

"ஐ.ஐ.எம். படிப்பெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு. நம் பையன் பெயரைப் பார்த்தே இன்டர்வியூவில் கழித்துவிடுவார்கள்!" ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இப்படிப் பேசுவோர் பலர். இது உண்மைதானா?

2006ல் வெளிவந்த சச்சார் குழு அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். 2004-05ல் நாட்டின் எல்லா ஐ.ஐ.எம்.களிலும் படித்த 4743 பேரில் முஸ்லிம்கள் வெறும் 63 பேர்! நூற்றுக்கு ஒன்றரை பேர்கூட இல்லை. ஆனால் அதே அறிக்கை, நேர்முகத் தேர்விலும் குழு விவாதத்திலும் நம் பிள்ளைகள் நன்றாகவே செய்ததாகச் சொல்கிறது. குறை எங்கே? விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கையில். கதவு மூடியிருந்ததால் நாம் திரும்பி வரவில்லை. கதவு வரை போகவே இல்லை.

வாலிபர்களே, வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். 'கேட்' தேர்வுக்கு ஆகஸ்டில் விண்ணப்பம். நவம்பர் கடைசியில் தேர்வு. அந்த மதிப்பெண்ணோடு பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் பார்த்தே நேர்முகத் தேர்வுக்கு அழைக்கிறார்கள். புதிய ஐ.ஐ.எம்.கள் பல சேர்ந்து ஒரே நேர்முகத் தேர்வை நடத்துகின்றன. ஒருமுறை போனால் பல இடங்களுக்குக் கணக்கு. 2011 முதல் நம் திருச்சியிலேயே ஐ.ஐ.எம். இருக்கிறது.

அங்கே என்ன கேட்பார்கள்? உன் ஊர் எது, உன் குடும்பம் என்ன தொழில் செய்கிறது, அதில் உனக்கு என்ன தெரியும் என்று கேட்பார்கள். ஆம்பூர் என்றால் தோலைப் பற்றிக் கேட்காமல் விடுவார்களா? 28-8-1996 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அது நியாயமா என்பார்கள். கழிவுநீர் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்பார்கள். தோல் ஷாப்பில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல கேள்வி உண்டா? ஆனால் வாப்பாவின் கணக்குப் புத்தகத்தை ஒரு நாளாவது திறந்து பார்த்தவனால்தான் பதில் சொல்ல முடியும்.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. 2007ல் மாநில அரசு நமக்குத் தந்த 3.5 சதவிகித ஒதுக்கீடு ஐ.ஐ.எம்.மில் செல்லாது. அங்கே இருப்பது இதர பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவிகிதம். அதற்கு மாநில பி.சி. சான்றிதழ் போதாது, மத்திய அரசின் படிவத்தில் 'கிரீமிலேயர் அல்லாதவர்' என்ற சான்றிதழ் வேண்டும். தாய் தந்தையின் வியாபார வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் 8 லட்ச ரூபாயைத் தாண்டினால் அது கிடைக்காது. உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் உள்ளதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். நேர்முகத் தேர்வுக்கு முந்தின வாரம் தாலுகா ஆபீசுக்கு ஓடிப் பயனில்லை.

1919லேயே வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி கண்ட சமுதாயம் இது! ஊருக்கு ஊர் ஜமாஅத்தார் இதைக் கையில் எடுக்க வேண்டும். கேட் பயிற்சிக் கட்டணத்துக்கு தனவந்தர்கள் பொறுப்பேற்கட்டும். ஷாதி மஹாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பேராசிரியர் ஒருவரும் தோல் ஏற்றுமதியாளர் ஒருவரும் உட்கார்ந்து நம் பட்டதாரிகளைக் கேள்வி கேட்கட்டும். இந்த ஆகஸ்டில் உங்கள் மஹல்லாவிலிருந்து எத்தனை விண்ணப்பம் போகப்போகிறது? இப்போதே பெயர்களை எழுதத் தொடங்குங்கள்.